மெய்ச்செய்தியும் கருத்தும்
இணையச் செய்திகளை ஆராய்ந்து வாசித்தல்

கானான் நாட்டை வேவு பார்க்குமாறு மோசே அனுப்பிய பன்னிருவரும் ஒரே நாட்டையே சுற்றி வந்தனர். நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்து அவர்கள் அளித்த அறிக்கையை எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். நிலம் செழிப்பானது, பட்டணங்கள் அரணுள்ளவை, ஏனாக்கின் புதல்வர் அங்கு வாழ்கின்றனர் என்பவை அவர்கள் கண்டவை. காலேபு இவற்றை மறுக்கவில்லை. அந்நாட்டை வெல்ல இயலாது எனப் பதின்மரும், இயலும் எனக் காலேபும் உரைத்தவையோ கண்டவற்றிலிருந்து அவரவர் கொண்ட முடிவுகள். மேலும், அந்நாட்டாரின் பார்வையில் தாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல் இருந்ததாகவும் பதின்மர் கூறினர். அந்நாட்டாரை அவர்கள் வினவியதாகத் திருமறையில் குறிப்பேதும் இல்லை. தங்கள் அச்சத்தையே பிறர் எண்ணமாக்கி, அதனையும் கண்ட செய்தியோடு கலந்து மக்களுக்கு அளித்துவிட்டனர். அன்றிரவு சபையார் அனைவரும் அழுதனர்.

செய்தியையும் கருத்தையும் பிரித்தறியாத மக்களுக்கு நேரும் இன்னலை இப்பகுதி தெளிவாகக் காட்டுகிறது. கூறுபவர் யாராயினும், பிறரும் சென்று சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றே செய்திக் கூற்று. சோதனையில் அது மெய்யாகவும் நிலைபெறலாம், பொய்யாகவும் வீழலாம். நிலைபெற்றதையே மெய்ச்செய்தி என்கிறோம். கருத்து என்பது செய்திகளை எடைபோட்டு ஒருவர் கொள்ளும் முடிவு அல்லது மதிப்பீடு. கருத்து இழிவானதன்று, காலேபு உரைத்ததும் கருத்தே. அதற்கு உரிய ஆதாரத்தைக் கேட்டு ஏற்பதும் தள்ளுவதும் நம் கடமை. கருத்து மெய்ச்செய்தியின் ஆடையணிந்து வரும்போதே தீங்கு விளைகிறது. கைபேசியிலும் கணினியிலும் நாள்தோறும் நம்மை வந்தடைவனவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு கலந்து வருவனவே. இதனை விளக்க இரு எடுத்துக்காட்டுகளை ஆராய்வோம். ஒன்று நம் விசுவாசத்துக்கு எதிரானதாகக் கருதப்பட்டது. மற்றது ஆதரவானதாகக் கருதப்படுவது.

ஒரு பாப்பிரஸ் துண்டின் கதை

2012 செப்டம்பர் 18ஆம் நாள், ரோமாபுரியில் நடைபெற்ற கோப்திக் மொழியாய்வு மாநாட்டில், ஹார்வர்டு இறையியல் கல்லூரிப் பேராசிரியை கேரன் கிங் ஒரு பாப்பிரஸ் துண்டைப் பற்றி அறிவித்தார். அதன் அளவு ஏறத்தாழ 8 செ.மீ. நீளமும் 4 செ.மீ. உயரமுமே. அதில் இயேசு “என் மனைவி” எனக் குறிப்பிடுவதாக ஒரு வரி இருந்தது. அத்துண்டுக்கு ‘இயேசுவின் மனைவியின் நற்செய்தி’ எனப் பேராசிரியை பெயரிட்டார். செய்தி உலகெங்கும் பரவியது.

இங்கே சற்று நின்று பகுத்துப் பார்ப்போம். இத்தகைய துண்டு ஒன்று உள்ளது, அதில் இச்சொற்கள் உள்ளன என்பவை மெய்ச்செய்திகள். அது நான்காம் நூற்றாண்டினது என்பது அறிஞர் ஒருவரின் கணிப்பு. ‘நற்செய்தி’ என்னும் பெயரோ துண்டில் எழுதப்படவில்லை, ஆய்வாளர் இட்டது. இயேசு மணமானவர் என்பதற்கு இது சான்றாகாது எனப் பேராசிரியை தொடக்கத்திலேயே கூறியிருந்தார். ஆயினும் பரவிய செய்திகள் பலவற்றில் பெயர் முன்னே நின்றது. எச்சரிக்கை பின்னே மறைந்தது.

2014 ஏப்ரலில் ஆய்வுக்கூட முடிவுகள் வெளியாயின. பாப்பிரஸ் ஏறத்தாழ ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது எனவும், மையின் இயல்பு பண்டைக் கால மையோடு ஒத்திருக்கிறது எனவும் அவை காட்டின. இவற்றைக் கண்டு, துண்டு உண்மையானதென மெய்ப்பிக்கப்பட்டதாகப் பலர் எண்ணினர். தாள் பழமையானது என்பதிலிருந்து எழுத்தும் பழமையானது என்பது பெறப்படுமா? பெறப்படாது. பழைய தாளில் நேற்றும் எழுதலாம். பண்டை முறைப்படி இன்றும் மை செய்யலாம்.

உண்மையை வெளிக்கொணர்ந்தது மொழியாய்வு. துண்டின் சொற்றொடர்கள் கோப்திக் மொழியிலுள்ள தோமா நற்செய்தியிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை என டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் வாட்சன் 2012லேயே எடுத்துக்காட்டினார். இணையத்தில் 2002ல் வெளியான தோமா நற்செய்திப் பதிப்பொன்றில் ஓர் எழுத்து தவறுதலாக விடுபட்டிருந்தது. அதே பிழை இத்துண்டிலும் இருப்பதை ஆண்ட்ரூ பெர்ன்ஹார்டு சுட்டிக்காட்டினார். அதே உரிமையாளரிடமிருந்து வந்த யோவான் நற்செய்தித் துண்டொன்று, 1924ல் அச்சான ஒரு நூலின் வரிப்பிரிவுகளை ஒன்றுவிட்டொன்றாக அப்படியே பின்பற்றுவதைக் கிறிஸ்டியன் ஆஸ்கிலண்டு 2014ல் கண்டார். இரு துண்டுகளின் கையெழுத்தும் ஒன்றாகவே தோன்றியது. 2016ல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் ஏரியல் சேபர் துண்டு வந்த வழியை ஆராய்ந்து எழுதியபின், போலி என்பதன் பக்கமே சான்று சாய்கிறது எனப் பேராசிரியை கிங்கும் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் நேர்மையோடு கூறவேண்டும். நம் விசுவாசத்துக்கு முரணானது என்னும் ஒரே காரணத்தால் அத்துண்டைப் பார்க்குமுன்னரே போலி எனக் கூறியோரின் முடிவு பின்னர் சரியாயிற்று. ஆயினும் அவர்கள் கூறியது கருத்தே, சான்றன்று. பிழையைக் கண்டறிந்தவர்கள் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கியவர்கள்.

இழந்த நாளைக் கண்டறிந்த கதை

அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் விஞ்ஞானிகள் கணினியால் காலத்தைப் பின்னோக்கிக் கணித்தபோது ஒரு நாள் குறைந்ததாகவும், யோசுவா 10ஆம் அதிகாரத்தில் சூரியன் நின்றதால் 23 மணி 20 நிமிடமும், எசேக்கியா அரசன் காலத்தில் நிழல் பத்துப் பாகை பின்னிட்டதால் 40 நிமிடமும் ஈடாகி, கணக்கு நேரானதாகவும் ஒரு செய்தி நெடுங்காலமாக உலவி வருகிறது. ஹாரல்ட் ஹில் என்னும் அமெரிக்கத் தொழிலதிபர் 1960களின் இறுதியில் தம் உரைகளில் இதனைக் கூறினார். சபை இதழ்கள் மறுபதிப்புச் செய்தன. இன்று கைபேசிகள் அனுப்புகின்றன. நாசாவின் கோடார்டு மையமோ இதனை மறுத்துவிட்டது. மேலும், இழந்த நாளைப் பற்றிய கணக்கைச் சார்ல்ஸ் டாட்டன் என்பவர் 1890லேயே நூலாக வெளியிட்டுவிட்டார். அன்று நாசாவும் இல்லை, கணினியும் இல்லை.

செய்தி தன்னளவிலும் நிலைபெறாது. இன்றைய கோள்நிலையிலிருந்து பின்னோக்கிக் கணிக்கும்போது கிடைப்பது கணித்த நிலை ஒன்றே. நாள் குறைந்ததை அறிய வேண்டுமாயின், அந்நிகழ்ச்சிக்கு முன்னரே நாள் குறித்து எழுதிவைத்த வானியல் பதிவொன்றோடு அதனை ஒப்பிடவேண்டும். அத்தகைய பதிவு எதனையும் இக்கதை காட்டுவதில்லை.

முதற்செய்தியைக் கேட்டுச் சினந்து ஆராயும் நாம், இரண்டாவதைக் கேட்டு மகிழ்ந்து ஆராயாமல் விடுவோமானால், நம் கையில் இருப்பது இருவேறு படிக்கற்கள். நீதிமொழிகள் கண்டிக்கும் குற்றம் அது.

வாசிப்போர் கேட்கவேண்டிய வினாக்கள்

முதலாவது, இதனை நேரில் கண்டவர் அல்லது ஆய்ந்தவர் யார்? ஓராயிரம் பேர் அனுப்பினும், அவர்கள் அனைவரும் ஒருவரிடமிருந்தே பெற்றிருப்பின், சாட்சி ஒருவரே. உபாகமம் 19 கோரும் இரண்டு, மூன்று சாட்சிகள் தனித்தனியே அறிந்தவர்களாதல் வேண்டும். இரண்டாவது, வாக்கியத்தில் சோதிக்கத்தக்க சொற்கள் எவை, உணர்ச்சியை எழுப்பும் சொற்கள் எவை? ‘மறைக்கப்பட்ட’, ‘அதிர்ச்சியூட்டும்’ போன்ற அடைமொழிகளை நீக்கிவிட்டு எஞ்சுவதைக் காண்க. மூன்றாவது, காட்டப்படும் சான்று எதுவரை செல்கிறது? தாளின் வயதுவரையா, எழுத்தின் வயதுவரையா? நான்காவது, இது நமக்கு உவப்பளிக்கிறதா? அளிப்பின் இன்னும் ஒருமுறை சோதிப்போம்.

அறிக்கையும் அருளுரைப் பீடமும்

ஆயர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மெய்ச்செய்தி, கருத்து என்பவற்றோடு விசுவாச அறிக்கை என்னும் மூன்றாவதையும் நாம் உரைக்கிறோம். இயேசு பொந்தியு பிலாத்துவின்கீழ் சிலுவையில் அறையப்பட்டார் என்பது வரலாற்றுச் செய்தி. கிறிஸ்தவரல்லாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் அவர் பிலாத்துவால் கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அவர் நம் பாவங்களுக்காக மரித்தார் என்பது அறிக்கை. அதனை ஆய்வுக்கூடம் நிறுவவும் இயலாது, வீழ்த்தவும் இயலாது. திருச்சபை தன் வாழ்வால் அதற்குச் சாட்சி பகர்கிறது. இவ்வறிக்கைக்குப் பொய்க் கணினிக் கதைகள் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. கொடுப்பின், முட்டு முறியும் நாளில் அறிக்கையும் ஐயத்துக்கு உள்ளாகும். பீடத்திலிருந்து கேட்டதைக் கைபேசியில் தேடிப் பொய்யெனக் கண்ட இளைஞன், உயிர்த்தெழுதலைக் குறித்து நாம் கூறுவதையும் அதே தட்டில் வைத்து நிறுப்பான். அவனைக் குறைகூற நமக்கு இடமில்லை.

அருளுரையாளர் ஒருவரும் தவிர்க்கலாகாத எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஞாயிறு அருளுரையை எழுதி முடித்தபின், அதிலுள்ள செய்திக் கூற்றுகள் ஒவ்வொன்றின்கீழும் கோடிட்டு, அதனை எங்கிருந்து பெற்றோம் என ஓரத்தில் குறிப்போம். ஓரம் வெறுமையாய் நிற்குமாயின், அக்கூற்றை நீக்கிவிடுவோம். அல்லது அது நம் கருத்து என்று சபையாருக்கு வெளிப்படையாகக் கூறுவோம்.