வில்லங்கத்துல வராத குடித்தனக்காரங்க

ஒரு பழைய வீட்டுல முன்னாடி யார் யார் இருந்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? திண்டுக்கல் நாகல் நகர்ல நாங்க வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டை வச்சே தேடிப் பார்த்தேன்.

எல்லாரும் முதல்ல சொல்றது வில்லங்கம். பதிவுத்துறை இணையதளத்துல 1975-ல இருந்து காசில்லாம பார்க்கலாம். அதுக்கும் முன்னாடி வேணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போடணும். பழைய பத்திரத்துல மதுரை மாவட்டம்னு இருந்தா குழம்பாதீங்க, திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதே 1985-லதான். யார் வித்தாங்க, யார் வாங்கினாங்க, எப்ப அடமானம் வச்சாங்கன்னு கிட் லாக் மாதிரி வரிசையா வரும். ஆனா பதிவு பண்ணினது மட்டும்தான் வரும். 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதியணும். வாடகை அக்ரிமென்ட் எல்லாம் 11 மாசத்துக்கு எழுதுறது அதனாலதான். நாங்க பன்னிரண்டு வருஷம் இருந்த வீட்டு வில்லங்கத்துல எங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

பத்திர நகல் எடுத்தா கொஞ்சம் உயிர் வரும். சொத்து விவரத்துல நான்கெல்லை எழுதியிருப்பாங்க: இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் மனைக்குக் கிழக்குன்னு. நம்ம வீட்டுப் பத்திரம் கிடைக்கலைன்னா பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத் தேடுங்க. அதுல நம்ம வீட்டுக்காரர் எல்லையா நிற்பார். ஆனா அவரும் ஓனர்தானே!

இங்கிலாந்துல 1921 சென்சஸ் தாள்களை 2022-ல திறந்துவிட்டாங்க. எந்த வீட்டுல யார், என்ன வேலைன்னு பார்க்கலாம். இங்க 1948 சென்சஸ் சட்டப்படி தனி ஆள் விவரத்தை யாரும் பார்க்க முடியாது. நமக்கு மிச்சம் வாக்காளர் பட்டியல். அது ஓனரா வாடகையான்னு கேக்காது. வீட்டு எண், பேர், அப்பா பேர் இல்லன்னா கணவர் பேர், வயசு எல்லாம் இருக்கும். கதவு எண் நடுவுல மாறியிருக்கும், அதனால எண்ணை நம்பாம, தெரிஞ்ச அக்கம்பக்கத்துப் பேர்களை வச்சுத் தேடுங்க. பதினெட்டு வயசு ஆகாதவங்க இருக்கமாட்டாங்க.

2002 பட்டியலை மூணு ராத்திரி பாகம் பாகமா புரட்டினேன். தாத்தா இருந்தார். கீழ அப்பத்தா, வயசு 52-ன்னு. போன் போட்டுச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே அறுபதுடா. உங்க தாத்தா குத்துமதிப்பா சொல்லியிருப்பாரு. சரி, அடுத்த வரியில யாரு?"

படிச்சேன். பின்கட்டுல இருந்த பூட்டுப் பட்டறைக்காரர், அவர் சம்சாரம். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசல.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்குன்னு அதுல போட்டிருக்கா?"