அரியணை வாரிசுத் தொடர்களும் ஆண்வழி உரிமையும்

அரியணை வாரிசுத் தொடர்கள் என்பவை, கற்பனை நாடொன்றில் மன்னருக்குப் பின் யார் என்ற பூசலை மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்கள் ஆகும். 'கேம் ஆப் த்ரோன்ஸ்' (2011–2019), அதன் முன்கதையாக 2022 இல் தொடங்கிய 'ஹவுஸ் ஆப் தி டிராகன்' ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. வானத்தில் டிராகன் பறந்தாலும் கீழே நடக்கும் சண்டை பழையதுதான்: மகள் மூத்தவளாக இருந்தால் முடி அவளுக்கா, தம்பிக்கா?

இரண்டாவது தொடரில் மன்னர் விசெரிஸ் தன் மகள் ரெய்னிராவை வாரிசாக அறிவித்துப் பிரபுக்களிடம் உறுதிமொழி வாங்குகிறார். பின்னர் இரண்டாம் மனைவிக்கு மகன் பிறக்கிறான். மன்னர் இறந்ததும் அந்த மகனுக்கே முடி சூட்டப்படுகிறது. இதன் முன்மாதிரி இங்கிலாந்து வரலாற்றில் உள்ளது. 1135 இல் முதலாம் ஹென்றி இறந்தபோது, அவர் வாரிசாக அறிவித்திருந்த மகள் மட்டில்டாவை விலக்கி, உறவினரான ஸ்டீபன் அரியணை ஏறினார். தொடரில் கவனிக்க வேண்டியது, மகளுக்கு எதிராக நிற்பவர்கள் ஆண்கள் மட்டுமல்ல என்பது. மகனுக்காக வாதாடும் அரசி ஆலிசென்ட் தன்னைக் கெட்டவளாக நினைப்பதில்லை; குடும்பத்தைக் காப்பாற்றுவதாகவே நம்புகிறாள். குடும்ப விசுவாசம் என்ற சொல் இக்கதைகளில் பெரும்பாலும் ஆண்வழிக்குக் காட்டும் விசுவாசமாகவே முடிகிறது.

மலைக்குக் கிழக்கே

இந்தக் கேள்விக்கு இரு வேறு விடைகள் சந்தித்த எல்லை ஒன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் உள்ள சுருளிப்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலை. மலைக்குக் கிழக்கே மதுரை நாயக்கர்களும் அவர்களுக்குக் கட்டுப்பட்ட போடிநாயக்கனூர் போன்ற பாளையங்களும் இருந்தன. தந்தைக்குப் பின் மகன் என்பது இங்குள்ள முறை. மலைக்கு மேற்கே பின்னாளில் பரவிய திருவிதாங்கூர் அரசிலோ, மன்னருக்குப் பின் அவருடைய சகோதரியின் மகன். இதற்கு மருமக்கள்தாயம் என்று பெயர்.

மதுரையில் 1682 இல் சொக்கநாத நாயக்கர் இறந்தபோது அவர் மனைவி மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. மகனுக்காக உயிரோடிருந்தார். அந்த மகனும் 1689 இல் பெரியம்மையால் இறந்தார். கருவுற்றிருந்த மருமகள் ஆண் குழந்தையைப் பெற்றபின் உயிரிழந்தார். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனின் பெயரில் பாட்டி ஏறத்தாழ 17 ஆண்டுகள் நாட்டை ஆண்டார். படை அனுப்பினார், வரி வாங்கினார், சாலையும் சத்திரமும் அமைத்தார். ஆனால் எல்லாம் பேரனின் பெயரில்தான். முடிவில் அந்தப் பேரனின் ஆட்களே அவரைச் சிறைவைத்துப் பட்டினி போட்டதாக மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு.

1732 இல் விஜயரங்கர் பிள்ளையின்றி இறக்க, அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். அவருக்கும் மடியில் ஓர் ஆண் குழந்தை தேவைப்பட்டது. பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தார். அதே பங்காரு திருமலைதான் அரியணைக்குத் தானே உரியவர் என்று அவரை எதிர்த்தார். உறவுச் சண்டையில் ஆற்காட்டுப் படை உள்ளே வந்தது. சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்ற, மீனாட்சி நஞ்சருந்தி இறந்ததாகக் கூறப்படுகிறது. அத்துடன் மதுரை நாயக்கர் ஆட்சியும் முடிந்தது.

மலைக்கு மேற்கே

திருவிதாங்கூரில் கதை தலைகீழ். 1729 இல் மன்னர் ராமவர்மா மறைந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். மன்னரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அரசுரிமை கேட்டனர், இருவரும் கொல்லப்பட்டனர். தந்தையின் அரியணையை மகன் கேட்பது மதுரையில் உரிமை. அங்கே அது துரோகம். ஆண்வழி என்பது இயற்கை விதி அன்று, ஊர் வழக்கம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் தாய்வழி என்றால் பெண்ணாட்சி என்று கொள்ளக்கூடாது. தகுதியுள்ள ஆண் வாரிசு இல்லாததால் 1810 இல் கௌரி லட்சுமிபாய் அரசியானார். 1813 இல் மகன் சுவாதித் திருநாள் பிறந்ததும் அவர் குழந்தையின் சார்பில் ஆளும் பொறுப்பாளர் ஆனார். வழி தாயுடையது, இருக்கை ஆணுடையது.

அரியணையிலிருந்து தோட்டத்துக்கு

இன்று கம்பம் பள்ளத்தாக்கில் பங்கு பிரிக்கப்படுவது நாடு அன்று, பன்னீர் திராட்சைத் தோட்டமும் கிணறும் வீடும். தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன் மணமாகாத இந்துப் பெண்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்கு இணையான பங்கை அளித்தது. 2005 இல் வந்த மத்தியச் சட்டம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அவ்வுரிமை பிறப்பால் வருவது, 2005 இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், தமிழகக் கிராமங்களில் பாகப்பிரிவினையின்போது சகோதரிகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தம் பங்கை விட்டுக்கொடுப்பது இன்றும் வழக்கம். கேட்டால், சீர் செய்தாயிற்று என்பார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், தாய்மாமன் சீர் நின்றுபோகும் என்ற அச்சமும் உண்டு. கையெழுத்துப் போடச் சொல்லி மகளிடம் முதலில் பேசுபவர் பல வீடுகளில் அம்மாதான்.