வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக் குழலின் முறுக்கு வீதத்தைக் கண்டறிதல்: என்ஃபீல்டு மாதிரிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுழற்பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றை நிறைவு செய்கின்றன என்பதே முறுக்கு வீதம் எனப்படும். குழலைச் சிதைக்காமல் இவ்வீதத்தை அளக்கும் முறையையும், அளவீட்டில் நேரும் பிழைகளின் தன்மையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முறுக்கு வீதம், சுழற்பள்ளம், என்ஃபீல்டு, அளவீட்டுப் பிழை

முன்னுரை

பிரித்தானியப் படையின் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி 39 அங்குலக் குழலும் 0.577 அங்குல உள்விட்டமும் மூன்று பள்ளங்களும் உடையது. அதன் முறுக்கு வீதம் 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று. அதாவது, குழலின் முழு நீளத்திற்கும் அரைச் சுற்றே. 1856ஆம் ஆண்டு மாதிரிக் குறுந்துப்பாக்கியின் 33 அங்குலக் குழலிலும் இதே வீதம் அமைந்தது. 1860ஆம் ஆண்டு மாதிரியில் குழல் நீளமும் உள்விட்டமும் மாறவில்லை. ஆனால் பள்ளங்கள் ஐந்தாயின, வீதமும் 48 அங்குலமாயிற்று. குழல்வாய் தேய்ந்து பள்ளங்களை எண்ண இயலாதபோது, பின்னிரு குழல்களையும் பிரித்தறிய முறுக்கு வீதம் வலுவான சான்றாகிறது.

அளவீட்டு முறை

முதற்கண் குழல் வெறுமையாக உள்ளதை உறுதிசெய்தல் வேண்டும். பழந்துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் பல்லாண்டுகளாகத் தங்கியிருத்தல் உண்டு. உலர்ந்த கரிமருந்து நெடுங்காலம் ஆற்றல் இழப்பதில்லை. கோலை அடிவரை செலுத்தி, உட்சென்ற நீளத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட வேண்டும். ஓரிரு அங்குலக் குறைவு தோன்றினும் அளவீட்டை நிறுத்தி, வல்லுநரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

பின்னர், கைப்பிடியில் தடையின்றிச் சுழலும் துப்புரவுக் கோலின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி, அடிவரை செலுத்த வேண்டும். கோலின் நெடுகிலும் ஒரு நேர்கோடு வரைந்து, குழல்வாயில் பாகைமானியைப் பொருத்த வேண்டும். கோலை வெளியே இழுக்கையில் துணி பள்ளங்களைப் பற்றித் திரும்பும். அதனுடன் கோடும் திரும்பும். வெளிவந்த நீளத்தை 360ஆல் பெருக்கி, திரும்பிய பாகையால் வகுத்தால் முறுக்கு வீதம் கிடைக்கும். 26 அங்குல இழுப்பில் 120 பாகை திரும்பினால் வீதம் 78 அங்குலம். 195 பாகை திரும்பினால் 48 அங்குலம்.

பிழைகளின் தன்மை

கோணத்தைப் படிப்பதில் 5 பாகை பிழை நேர்வதாகக் கொள்வோம். 78 அங்குல வீதமுடைய குழலில் 26 அங்குலம் இழுத்தால், விடை ஏறத்தாழ 75 முதல் 81 வரை அமையும். 6.5 அங்குலமே இழுத்தால் அது 67 முதல் 94 வரை விரியும். எனவே இயன்றவரை நீண்ட இழுப்பே ஏற்றது. இத்தகைய பிழை இருபுறமும் நேர்வதால், பலமுறை அளந்து சராசரி காண்பது பயன்தரும்.

துணி நழுவுவதால் வரும் பிழை அத்தகையதன்று. நழுவினால் கோணம் குறையுமேயன்றிக் கூடாது. கோல்முனையின் மரை கழன்றாலும் அவ்வாறே. ஆகவே எத்தனை முறை அளந்தாலும் வீதம் உண்மையினும் நீண்டதாகவே தோன்றும். இதனைச் சராசரி திருத்தாது. மரையை முடுக்கி, துணியைப் படிப்படியாகத் தடிப்பாக்கி மீண்டும் அளக்க வேண்டும். கோணம் மேலும் கூடாத நிலையில் கிடைக்கும் அளவே கொள்ளத்தக்கது.

முடிவுரை

இவ்விரு பிழைகளையும் வேறுபடுத்தி நோக்கினால், கிடைக்கும் எண்களின் சான்றுவலிமை ஒன்றன்று என்பது புலனாகும். நீண்ட இழுப்பில் 48 அங்குலம் என்னும் விடை கிடைத்தால், அது 78 அங்குலக் குழலில் துணி நழுவியதால் வந்திருக்க இயலாது. 78 அங்குலம் என்னும் விடையோ, நழுவல் இல்லை என நிறுவிய பின்னரே ஏற்கத்தக்கது. அருங்காட்சியகப் பதிவேட்டில் வீதத்தோடு இழுப்பின் நீளம், அளந்த தடவைகள், துணியின் தடிப்பு ஆகியவற்றையும் குறித்தல், பின்வரும் ஆய்வாளர் அவ்வளவைச் சரிபார்க்கத் துணைசெய்யும்.