கைக்கு வரும் அரசு, தெருவுக்கு வராத அரசு

2021 நவம்பர் மழையில் சென்னையை அடுத்த திருநின்றவூரின் ஈசா ஏரி நிரம்பி, முத்தமிழ் நகர், பெரியார் நகர், கன்னிகாபுரம் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சியாகத் தரம் உயர்ந்த ஆண்டும் அதுதான். ஆனால் அந்த ஊரில் அப்போது ஒரு கவுன்சிலர்கூட இல்லை. முந்தைய மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. அடுத்த கவுன்சிலர்களை மக்கள் தேர்ந்தெடுத்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே ஊரை நடத்தினார்கள். வடிகால் ஏன் தூர்வாரப்படவில்லை என்று கேட்க, ஓட்டு வாங்கிப் போன ஒரு முகம் அந்தத் தெருக்களுக்கு இல்லை.

இந்த இடைவெளி தானாக விழுந்ததல்ல. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலில் பழங்குடியினருக்கு உரிய இட ஒதுக்கீடு இல்லை என்று தி.மு.க. வழக்குத் தொடர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. வழக்கில் நியாயம் இருந்தது. ஆனால் குறையைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தலை நடத்தியிருக்க முடியும். அன்றைய அ.தி.மு.க. அரசு வார்டு மறுவரையறை, மேல்முறையீடு என்று தள்ளிக்கொண்டே போனது. கிராமப்புறங்களில் 2019 டிசம்பரில் ஒரு பகுதித் தேர்தல் நடந்தது. நகரங்களில் அதுவும் இல்லை. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. அதன்பின் நகர்ப்புறத் தேர்தல் வர மேலும் ஒன்பது மாதங்கள் ஆயின.

சென்னைக்கு இது பழைய கதை. 1973இல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்துக்கு 1996இல்தான் மறுபடி தேர்தல் நடந்தது. அந்த 23 ஆண்டுகளில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறி ஆண்டன. குடிசைப் பகுதிகள் பெருகிய, தண்ணீர்ப் பஞ்சம் வந்த, புறநகர்கள் வீங்கிய காலம் அது. அவ்வளவு காலமும் தலைநகரின் ஏழைகளுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. சட்டமன்றத் தேர்தலை ஒரு நாள் தள்ளிவைத்தாலும் கொதித்தெழும் கட்சிகள், உள்ளாட்சித் தேர்தல் நடக்காத ஆண்டுகளை அமைதியாகக் கழித்தன.

எம்.எல்.ஏ. இருக்கிறாரே, கவுன்சிலர் எதற்கு என்று கேட்கலாம். திருநின்றவூர் அடங்கிய ஆவடி தொகுதி 2011இல்தான் முதல் தேர்தலைச் சந்தித்தது. அந்த ஆண்டு வென்ற அப்துல் ரஹீம், 2016இல் 1,395 ஓட்டு வித்தியாசத்தில் வென்ற பாண்டியராஜன், 2021இல் வென்ற சா.மு.நாசர் ஆகிய மூவருமே அமைச்சர்களானார்கள். முதல் இருவர் அ.தி.மு.க., மூன்றாமவர் தி.மு.க. அமைச்சரின் தொகுதி என்ற பெருமை மூன்று முறையும் கிடைத்தது. ஆனால் அமைச்சரின் கவனம் மாநிலம் முழுக்கப் பரந்தது. ஏரிக்கரைத் தெருவின் சாக்கடைக் கணக்கு அவர் மேசைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

அப்படியானால் கட்சிகள் ஏழைகளுக்கு ஒன்றுமே செய்யவில்லையா? அப்படிச் சொல்வது பொய். ஏழை ஓட்டை மதிக்காத கட்சி தமிழ்நாட்டில் பிழைத்ததில்லை. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, முதலில் சென்னையிலும் கோவையிலும் ஒரு படியைக் கொடுத்துக் காட்டினார். நகரத்துக் கூலித் தொழிலாளியின் அடுப்பை நினைத்து எடுத்த முடிவு அது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். 2011 முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. 2013 பிப்ரவரியில் ஜெயலலிதா சாந்தோமில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். 2021 மே மாதம் ஸ்டாலின் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்தது. இதனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு கணித்தது. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழத் தொடங்கியது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்தப் பணம் எவ்வளவு பெரியது என்பதை, மாதம் முழுக்க எண்ணிச் செலவு செய்தவர்களே அறிவார்கள். இவற்றை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுவோரிடம் இந்தக் கட்டுரைக்கு உடன்பாடில்லை.

இரண்டு பெரிய கட்சிகள் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதால் வந்த நன்மை இது. ஒருவர் கொடுத்ததை அடுத்தவர் பிடுங்க முடியாது. 2021 மே மாதம், தேர்தல் முடிவு வந்த கையோடு, முகப்பேர் ஜெ.ஜெ. நகரில் அம்மா உணவகப் பலகையைத் தி.மு.க.வினர் சிலர் கழற்றி எறிந்தார்கள். பதவியேற்கக் காத்திருந்த ஸ்டாலின் அவர்களைக் கட்சியை விட்டு நீக்கச் சொன்னார்; பலகை மறுபடி மாட்டப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவியின் பெயர் தாங்கிய உணவகம் அடுத்த ஆட்சியிலும் நடந்தது.

ஆனால் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அரிசி, பஸ் டிக்கெட், வங்கியில் விழும் ஆயிரம் எல்லாமே ஒரு குடும்பத்தின் கைக்கு நேராக வருபவை. யார் கொடுத்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியும். தேர்தலில் நினைவுபடுத்த முடியும். மழைநீர் வடிகால் அப்படியல்ல. அது ஒரு தெருவுக்கே பொது. ஒரு ஆட்சியில் தொடங்கி அடுத்த ஆட்சியில் முடியும். நன்றாக வேலை செய்தால் யார் கண்ணிலும் படாது. இருக்கும் இடத்துக்குப் பட்டா, வேலைக்குப் பக்கத்தில் வீடு, கேள்வி கேட்க ஒரு வார்டு மன்றம் ஆகியவையும் இந்த வகைதான். இவற்றைக் கொடுத்தால் சிலரைப் பகைக்க வேண்டிவரும்: மனை போட்டு விற்றவர், ஏரிக்கால்வாயில் மண் கொட்டியவர், ஒப்பந்தக்காரர். கட்சியின் உள்ளூர்த் தூண்களில் சிலர் இவர்களாகவே இருப்பதும் உண்டு.

கட்சிக்கும் ஏழைக்கும் நடுவில் நிற்பவர் கட்சியின் வட்டச் செயலாளர். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, அரசு மருத்துவமனையில் படுக்கை பிடிக்க, கரண்ட் இணைப்புக்கு அலைய, காவல் நிலையத்தில் பேச, ஏழை முதலில் தேடிப் போவது அவரைத்தான். அவர் வந்தும் நிற்கிறார். சாவு வீட்டில் மாலையோடு முதலில் தெரியும் முகம் அவருடையது. ஆனால் உரிமையாகக் கிடைக்க வேண்டியது அவர் வழியே வரும்போது உதவியாகிவிடுகிறது. உதவி பெற்றவர் தேர்தல் வந்தால் கடன்பட்டவர். அந்தக் கடனின் விலை என்ன என்பதை ஆர்.கே. நகர் நாடறியக் காட்டியது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் தொகுதி அது. 2017 ஏப்ரலில் அங்கே நடக்கவிருந்த இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. ஏறத்தாழ 89 கோடி ரூபாய் விநியோகத்துக்கான ஆவணங்கள் வருமான வரிச் சோதனையில் சிக்கியதாகச் செய்தி வந்தது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது, 20 ரூபாய் நோட்டு டோக்கனாகக் கைமாறியதாகப் புகார் எழுந்தது. வடசென்னையின் ஏழைத் தெருக்களைப் பணத்துக்கு ஓட்டுப் போடுபவர்கள் என்று மற்றவர்கள் ஏசினார்கள். கொடுத்தவர்கள்மீது அந்த ஏச்சு அவ்வளவாகப் படவில்லை.

வீட்டு விஷயத்தில்தான் கட்சிகளின் பின்வாங்கல் மிகவும் வலிக்கிறது. கருணாநிதி அரசு 1970இல் குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது; 1971இல் அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டுவது அன்றைய வழக்கம். சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என்று அறிவித்தால், அங்கிருப்பவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 சேர்ந்தன. அதன்பின் அறிவிப்பு நின்றுபோனது. பிறகு உருவான குடியிருப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்தவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே அனுப்பப்பட்டார்கள். கூவக்கரைக் குடும்பங்களில் ஒரு பகுதி மேற்கே, பூந்தமல்லிக்கு அப்பால் கூடப்பாக்கத்துக்கு வந்தது. இரு கட்சி ஆட்சிகளிலும் இது நடந்தது. அனுப்பப்பட்டவர்கள் வேலையையும் பள்ளியையும் இழந்தார்கள். கூடவே, பல தேர்தல்களாக ஒன்றாக ஓட்டுப் போட்டுத் தேடிக்கொண்ட பேரம் பேசும் பலத்தையும் இழந்தார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். இனி மறுகுடியமர்வுக்கு முன் மக்களிடம் பேசுவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் உறுதி சொல்ல ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2017இல் ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் ஆட்சி, நகரக் குடிசைவாசிகளுக்கு இருக்கும் இடத்திலேயே நில உரிமை தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கேரளத்தில் 1996இல் இடது முன்னணி மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அவையும் ஓட்டுக் கேட்டு வந்த கட்சிகள்தான்.

தமிழ்நாட்டிலும் வாசல் சற்றே திறந்தது. 2010இல் சட்டமாகி, 2022இல் விதிகள் கிடைத்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே உட்கார்ந்தார். கிராம சபைக்கு இணையான மேடை இது. தீர்மானம் எழுதப்பட்டு, அடுத்த சபையில் அதன் கதி கேட்கப்பட்டால், வட்டச் செயலாளரின் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டிய தேவை குறையும். கட்சிக்காரர்களே கூட்டத்தை நிரப்பிவிட்டால் குறையாது.

2025 பிப்ரவரியில் வந்த இன்னொரு முடிவு இந்த வட்டாரத்துக்கு மிக நெருக்கமானது. சென்னையைச் சுற்றி 'பெல்ட் ஏரியா' என்று வரையப்பட்ட பகுதியில், புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா தரக்கூடாது என்ற தடை 1962 முதல் இருந்தது. ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் அதற்குள் வரும். அந்தத் தடையைத் தளர்த்தி, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 29,187 பேருக்குப் பட்டா வழங்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அறுபது ஆண்டுகள் முடியாதென்று சொல்லப்பட்ட ஒன்று, சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டு இருக்கும்போது ஒரே கூட்டத்தில் முடிந்தது. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் பட்டா பட்டாதான்; வாங்குகிறவர் பிள்ளைகள் அச்சமின்றித் தூங்குவார்கள். ஆனால் இந்தத் திட்டம் ஆட்சேபணையற்ற புறம்போக்குக்கு மட்டும். நீர்நிலைப் புறம்போக்கு அதில் சேராது. சேரவும் கூடாது, ஏரி இல்லாமல் ஊர் இல்லை. அப்படியானால் ஏரி ஓரத்தில் மலிவு மனை என்று நம்பிக் காசு கொடுத்தவர்களும், வேறு போக்கின்றிக் கரையில் குடிசை போட்டவர்களும் எங்கே போவார்கள்? வேலைக்குப் போய்வரும் தூரத்தில், நனையாத நிலத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்குவது எந்த ஆண்டுக்குள், எந்தச் செலவில் என்பதைக் கட்சிகள் தேர்தல் அறிக்கையில் எழுத வேண்டும். எழுதாமல் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் முத்தமிழ் நகரும் கன்னிகாபுரமும் அதைக் கேட்க வேண்டும்.