பழங்கணினியும் புதிய வரைவியல் அட்டையும்

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு அனுப்பிவைக்கும் பொருள்களுள் கணினிகள் முக்கியமானவை. அவற்றுட் பல, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஓர் அலுவலகத்திற் சில ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவை. கணக்கெழுதுவதற்கும் கடிதம் அச்சிடுவதற்கும் அவை இன்றும் போதுமானவையே. ஆயின், முப்பரிமாண உருவங்களை வரையப் பயிலும் மாணவன் ஒருவன் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைத் திறக்க முற்படும்போது சங்கடம் தோன்றுகின்றது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 4.0 பதிப்பு, ஓப்பின்-ஜீ.எல். 4.3 என்னும் வரைவியல் நியமத்தை வேண்டி நிற்பது. 2012ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்ரெல் ஐ5-3470 செயலியினுள் அடங்கிய வரைவியற் பகுதியோ, விண்டோஸ் முறையில் 4.0 நியமத்தோடு நின்றுவிட்டது. செயலியும் நினைவகமும் நன்னிலையில் இருக்க, இவ்வொரு குறையால் இயந்திரம் முழுவதுமே உதவாதென ஒதுக்கப்படுகின்றது.

தனியான வரைவியல் அட்டை ஒன்றைச் செருகினால் இக்குறை நீங்கும். ஆனால், அட்டையைச் செருகியதும் திரை இருண்டுபோவதும், அட்டை பழுதென்றோ கணினி போய்விட்டதென்றோ முடிவுகட்டி இரண்டையும் மூலையில் வைத்துவிடுவதும் அடிக்கடி நிகழ்வன. இருண்ட திரைக்குக் காரணம் பெரும்பாலும் பழுதன்று, பொருத்தமின்மையே என்பது என் கருத்து. பொருத்தம் பாராமற் கலியாணம் பேசாத எம்மவர், கணினி விடயத்தில் மாத்திரம் அதனை மறந்துவிடுகின்றனர்.

முதலிற் பார்க்க வேண்டியது மிக எளியது. எளியதாகையாற் பலரும் பாராதது. திரையின் வடம் எங்கே செருகப்பட்டிருக்கின்றது? அலுவலகக் கணினிகள் பல, புதிய அட்டையைக் கண்டவுடன் தாய்ப்பலகையிலுள்ள பழைய காட்சி வாயிலைத் தாமாகவே மூடிவிடும். வடம் பழைய வாயிலிலேயே கிடந்தால் திரையில் எதுவும் தோன்றாது. இதனோடு இன்னொரு சிக்கலும் உண்டு. எமது ஆய்வுகூடங்களிலுள்ள பழைய திரைகள் சில வீ.ஜீ.ஏ. வாயிலை மாத்திரம் உடையவை. என்விடியா நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஜீ.ரி.எக்ஸ். 10 வரிசை தொடக்கம் அவ்வகைக் குறிகையைத் தருவதை நிறுத்திவிட்டது. அத்தகைய அட்டைக்கு, இலக்கக் குறிகையை மாற்றித் தரும் மின்சுற்றுள்ள மாற்றி தேவை. வெறும் கம்பிகளை இணைத்த மலிவான மாற்றி பயன்படாது.

அடுத்தது மின்வலு. மிகுதியான ஏமாற்றங்களுக்கு இடம் இதுவே. 1990களில் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்திற் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு, ஒரு மூலம் தரும் வலுவுக்கு எல்லையுண்டு என்பதை விளக்கவேண்டுவதில்லை. டெல் நிறுவனத்தின் ஒப்டிபிளெக்ஸ் 7010 கோபுர வடிவக் கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்வழங்கி 275 வாற்று. மேற்கூறிய செயலிக்கு 77 வாற்று. தாய்ப்பலகை, வன்தட்டு, விசிறி முதலியவற்றுக்கு ஏறக்குறைய 50 வாற்று என்று கொள்ளலாம். ஜீ.ரி. 1030 அட்டைக்கு வேண்டியது 30 வாற்று மாத்திரமே. அது இவ்வீட்டில் இடைஞ்சலின்றிக் குடியேறும். ஜீ.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. 75 வாற்று கேட்கும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய் தரக்கூடிய உச்ச வலுவும் 75 வாற்றே. ஆகவே, தனி மின்வடம் கேளாத வகையாயின் அதுவும் கூடும். ஜீ.ரி.எக்ஸ். 1060 வேண்டுவதோ 120 வாற்று. அதற்கு ஆறு ஊசி கொண்ட தனி மின்வடம் வேண்டும். இம்மின்வழங்கியில் அது இல்லை.

இல்லாத வடத்தை உண்டாக்குவதற்கெனக் கடைகளில் ஓர் இணைப்பு விற்கிறார்கள். வன்தட்டுக்குரிய சாற்றா மின்முனையை ஆறு ஊசி முனையாக மாற்றுவது அது. அதை வாங்க வேண்டாம். சாற்றா முனையில் 12 வோல்ற்றுக்குரிய ஊசிகள் மூன்று, ஒவ்வொன்றும் 1.5 அம்பியர் தாங்கும். மூன்றும் சேர்ந்து 54 வாற்று. ஆறு ஊசி முனையில் அட்டை 75 வாற்று வரை இழுக்கலாம். எஞ்சிய சுமை வெப்பமாகி முனையை உருக்கிவிடும். மின்வழங்கியின் மேல் எழுதப்பட்ட மொத்தத் தொகையை மாத்திரம் நம்புவதும் தகாது. அட்டை உண்பது பெரும்பாலும் 12 வோல்ற்று மின்னையே; அவ்வரிசையில் 16 அம்பியர் என்றிருந்தால், அங்கே கிடைப்பது 192 வாற்று மாத்திரமே.

வடமும் வலுவும் சரியாக இருந்தும் திரை ஒளிராவிடின், பயோஸ் என்னும் தொடக்க மென்பொருளை நோக்க வேண்டும். பழைய தாய்ப்பலகைகள் சில, தமக்குப் பின் வந்த அட்டையை இனங்காணா. அட்டையைக் கழற்றி, கணினியைப் பழைய வாயிலில் இயக்கி, உற்பத்தியாளர் வெளியிட்ட கடைசிப் பயோஸ் பதிப்பை ஏற்றியபின் மீண்டும் செருகிப் பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் மின்னின்றிக் கிடந்த கணினியாயின், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலத்தையும் மாற்றிவிடுதல் நன்று. இன்ரெல் நிறுவனம் 2022இல் வெளியிடத் தொடங்கிய ஆர்க் அட்டைகளைப் பழங்கணினிக்கு வாங்குதல் வீண். அவை தம் முழுத்திறனைக் காட்டுவதற்கு வேண்டிய நினைவக அணுகுமுறை பழைய தாய்ப்பலகைகளில் இல்லை.

பருத்தித்துறைக்கேயுரிய காரணம் ஒன்றும் உண்டு, அது கடற்காற்று. உப்பும் ஈரமும் தூசியுடன் கலந்து செருகுவாயின் உள்ளே மென்படலமாகப் படிந்துவிடும். மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றி, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்கி, கையால் உலோகப் பேழையைத் தொட்டபின் அட்டையை விளிம்பிற் பிடித்து எடுக்க வேண்டும். அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் றப்பரால் மென்மையாகத் துடைத்து, துகளை அகற்றி, கொளுவி 'டிக்' என ஒலிக்கும்வரை நேராக அழுத்திச் செருகுக. பழுதென்று கைவிடப்பட்ட அட்டைகள் சில இவ்வளவிலேயே உயிர்பெறுவதுண்டு.

திரை ஒளிர்ந்தும் எழுத்துக்கள் பருத்துத் தோன்றினால், அட்டைக்குரிய இயக்கி மென்பொருள் இன்னும் நிறுவப்படவில்லை என்பதே பொருள். அதனை அட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறல் வேண்டும். விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. மேலே கூறிய செயலி விண்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியலில் இல்லை. ஆகவே, இத்தகைய கணினிகளில் அட்டையைப் பொருத்தும் நாளிலேயே லினக்ஸ் முறைமையையும் நிறுவிவிடலாம். பிளெண்டர் அதிலும் செவ்வனே இயங்கும்.