கொடி விழுந்த பிறகும் காயாத தொப்புள்

என் மகளின் குழந்தைக்கு ஒன்பதாம் நாள் தொப்புள்கொடி விழுந்தது. தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்ட எடுத்து வைத்தோம். நான்கு நாள் கழித்தும் சட்டையில் தொப்புள் படும் இடத்தில் மஞ்சள் கறை. ஒட்டியிருந்த துணியை எடுத்ததும் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. விரலால் விரித்துப் பார்த்தால், உள்ளே துவரம்பருப்பு அளவில் ஈரமாக, இளஞ்சிவப்பாக ஒரு சதை. மகள் அழுதேவிட்டாள். "வசம்பு சுட்டுக் குழைச்சுப் போடும்மா, ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அக்கறையில் சொன்னதுதான். நாங்கள் டாக்டரிடம் கிளம்பினோம்.

டாக்டர் பார்த்தது

அவர் முதலில் சதையைப் பார்க்கவில்லை. "பால் நல்லா குடிக்கிறானா? உடம்பு சுடுதா?" என்று கேட்டார். தொப்புளைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகே டார்ச் அடித்தார். 'கிரானுலோமா' என்றார். கொடி விழுந்த புண் ஆறும்போது, தோல் மூடுவதற்குள் சதை கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிடுவது அது. சுற்றிலும் வாஸ்லின் தடவி, சில்வர் நைட்ரேட் குச்சியின் முனையால் அந்தச் சதையை மட்டும் தொட்டார். அது சாம்பல் நிறமானது. அதில் நரம்பு இல்லாததால் வலிக்காது. நல்ல தோலில் மருந்து பட்டால் சுட்டுவிடும் என்பதால்தான் வாஸ்லின்.

சில டாக்டர்கள் சாதாரண உப்பை வைத்தே கரைக்கிறார்கள். அதை நாமாகச் செய்யக்கூடாது. கருவில் தொப்புளைச் சிறுநீர்ப்பையோடும் குடலோடும் இணைத்திருந்த குழாய்கள் மூடாமல் நின்றுவிட்டாலும் தொப்புள் இப்படித்தான் கசியும். மருந்து வைத்தும் ஈரம் நிற்காவிட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எதையும் வைக்காதீர்கள்

கொடிக்குள் இரண்டு தமனி, ஒரு சிரை. கிளிப் போட்டு வெட்டினாலும் உள்ளே அவை முழுதாக அடைபடச் சில நாளாகும். அதுவரை கிருமி ரத்தத்துக்குள் நுழைய அது திறந்த வாசல். சாம்பல், சாணம், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். பிறந்து ஏழெட்டு நாளில் ஜன்னி கண்டு வில்லாக வளைந்துபோன குழந்தைகள் நம் பாட்டிகளுக்குத் தெரியும். அது டெட்டனஸ். கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவியதால்தான், 2015-ல் இந்தியா அதன் ஒழிப்பு இலக்கை எட்டியது.

நாப்கினைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், காற்றுப் படட்டும். நூலளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் கொடியை இழுக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். மூன்று வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள்

தொப்புளைச் சுற்றிய சிவப்பு வயிற்றில் பரவுகிறதா? நாற்றத்தோடு சீழ் வருகிறதா? அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையா? குழந்தை பால் குடிக்காமல் துவள்கிறதா, உடம்பு சுடுகிறதா, சில்லிடுகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 108. தொப்புள் சீழ் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தக்குழாய் வழியே ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியிருக்கும்.

அழும்போது தொப்புள் பந்தாகப் பிதுங்குவது வேறு. பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். காசு வைத்துக் கட்டினால் தோல்தான் புண்ணாகும். பிதுக்கம் கெட்டியாகி உள்ளே போகாவிட்டால், குழந்தை வாந்தி எடுக்காவிட்டாலும் உடனே ஓட வேண்டும்.

எங்கள் பேரனுக்கு அடுத்த வாரம் இன்னொரு முறை குச்சி வைத்தார்கள். அதன்பின் சட்டையில் கறை இல்லை.