அந்தி வானமும் போன் திரையும்

நாவற்குடாவுக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. மாலையில் வாவிப் பக்கம் பாருங்கள், பிள்ளைகளே. அடிவானம் செம்மஞ்சள், உச்சி நீலம். எந்த இடத்தில் ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இந்த வானத்தை ஒரு போன் செயலியின் பின்னணியாக வரைவோமா?

போன் திரை முழுவதும் பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் சேர்ந்து ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தருகின்றன. ஒவ்வோர் ஒளியின் அளவையும் 0 முதல் 255 வரையான ஓர் எண்ணால் சொல்வார்கள். செம்மஞ்சளுக்கு 250, 150, 50 என்று கொடுப்போம். நீலத்துக்கு 50, 110, 210.

செயலி எழுதுபவர் இந்த இரண்டு நிறங்களையும் அவற்றின் இடத்தையும் குறித்தால் போதும். அடிக்கு 0, உச்சிக்கு 1, நடுவுக்கு 0.5. இடத்தை இப்படிப் பங்காகச் சொல்வதால் திரை சிறிதானாலும் பெரிதானாலும் அதே குறிப்பு பொருந்தும். இடையிலுள்ள ஒவ்வொரு வரிசைக்கும் போனே நிறத்தைக் கணக்கிடும். கால் பங்கு உயரத்தில் நிறமும் கால் பங்கு மாறியிருக்கும்: 200, 140, 90.

சரி, நடுவில்? இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 150, 130, 130! மூன்று எண்களும் ஏறக்குறைய சமம். மூன்று ஒளியும் சமமானால் சாம்பல்தான். இரண்டு அழகான நிறங்களுக்கு நடுவே ஒரு மங்கிய பட்டை வந்துவிட்டது.

வாவி வானம் இப்படி மங்குவதில்லை. சூரியன் தாழும்போது அடிவானத்து ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியிலே காற்று மூலக்கூறுகள் நீலத்தைக் கூடுதலாகச் சிதறடித்துவிட, சிவப்பும் செம்மஞ்சளும் மிஞ்சுகின்றன. மேலே போகப் போக மஞ்சள், வெளிர்மஞ்சள், அப்புறம் நீலம். ஆகவே 0.5 இல் மூன்றாவது நிறமொன்றை வையுங்கள்: 250, 220, 170. இப்போது திரை ஒளிரும். அந்த நடு எண்ணைக் கணக்கு தராது, வானத்தை ஆறுதலாகப் பார்த்த கண்தான் தரும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிறங்கள் மிக நெருங்கியவை, இடையில் 20 படிகளே என்று வையுங்கள். திரையில் 2,000 வரிசைகள் இருந்தால் ஒவ்வொரு படியும் 100 வரிசை அகலம்! பட்டை பட்டையாகத் தெரியும். பட்டைகளின் விளிம்பை நம் பார்வை இன்னும் மிகைப்படுத்துகிறது. இதை 1865 இல் எர்ன்ஸ்ட் மாக் என்ற அறிஞர் விளக்கினார். விளிம்பருகே இரு நிறப் புள்ளிகளையும் கொஞ்சம் கலந்து தூவிவிட்டால் கோடு கண்ணுக்குப் படாது.